தம்பியின் பெயர் கொண்ட நத்தை

பஞ்சு விரித்த சின்னப் பெட்டியில், கட்டைவிரல் நீளத்தில், சாம்பல் நிறக் கல்லாகக் கிடந்தது அந்த நத்தை. அரியலூர்ப் பக்கம் கடலாக இருந்த காலத்தில் மற்றச் சிப்பிகளைத் தின்று வாழ்ந்து, அடியோடு அழிந்துபோன இனம். ஊட்டியில் நான் வேலைபார்த்த கல்லூரியின் துறைத்தலைவர்தான் அதைப் புதிய இனமென்று வகைப்படுத்தியவர். மேடம் என்றுதான் எல்லோரும் அவரை அழைப்போம். களப்பயணத்துக்கு ஜீப் ஓட்டிவந்த அவர் தம்பி கண்டெடுத்த நத்தை அது. அந்த வருடமே பர்லியார் மலைப்பாதை வளைவில் நடந்த விபத்தில் தம்பி போய்விட, இனத்துக்கு அவர் பெயரையே வைத்தார் மேடம்.

பல வருடங்கள் கழித்து, அரியலூரில் அவர் கண்டெடுத்த அதே இடத்தில் எனக்கு ஓர் உடைந்த நத்தை கிடைத்தது. வெளியே பார்க்க அச்சு அசல் அதுதான். ஆனால் உடைந்த வாய்க்குள், சுருளின் நடுத்தண்டில் மூன்று மடிப்புகள் தெரிந்தன. வெகுகாலம் முன்பே வேறொருவர் பெயர் வைத்துவிட்ட ஓர் இனத்தின் அடையாளம் அது. இரண்டும் ஒன்றென்றால் முதலில் வைத்த பெயர்தான் நிற்கும். தம்பியின் பெயர் போய்விடும். மேடத்தின் நத்தைக்குள் மடிப்பு உண்டா என்று யாருக்கும் தெரியாது. அதன் வாய் முழுக்கக் கல் அடைத்திருந்தது. சுரண்டினால் ஓடு நொறுங்கிவிடுமென்று தொடாமலே விட்டிருந்தார்.

உடைந்ததை அவர் மேசையில் வைத்தேன். வெகுநேரம் பார்த்தார். அந்த வாரம் முழுக்க என்னோடு பேசவில்லை. இரண்டும் ஒன்றுதான் என்று எழுதிவைத்த கட்டுரையை அனுப்பவும் மனம் வராமல், அவரிடம் கேட்கவும் துணிவில்லாமல் தவித்தேன்.

மழை பெய்த ஒரு மத்தியானம் கூப்பிட்டார். நுண்ணோக்கிக்கு அடியில் தம்பியின் நத்தை. அவர் கையில் ஊசி.

“விளக்கை ஆட்டாமப் புடிங்க.”

“உடைஞ்சு போச்சுன்னா, மேடம்? முழுசா இருக்கறது இது ஒண்ணுதானுங்களே.”

“தெரியாமயே பொத்தி வெச்சிருக்கறதுக்கு, உடைஞ்சாலும் பரவால்லீங்க.”

கல் துகள் துகளாக உதிர்ந்தது. ஒருமுறை மெல்லிய சத்தத்துடன் ஓட்டின் ஓரத்தில் ஒரு சில்லு தெறித்தது. அவர் கை நிற்கவில்லை. முதல் மடிப்பு தெரிந்ததும் ஊசியை வைத்துவிடுவார் என்று நினைத்தேன். மூன்றாவதும் வரும்வரை சுரண்டினார்.

பிறகு கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, கூடலூரில் இருந்த தம்பி மனைவிக்குப் போன் போட்டார்.

“கண்ணு, அந்த நத்தைக்கு இனிமே தம்பி பேரு நிக்காது. நான் வெச்சது தப்பு.”

மறுமுனையிலிருந்து வந்த கேள்வி என் காதிலும் விழுந்தது.

“அவரு கண்டெடுத்தது பொய்யில்லீங்களே, அண்ணி?”

“இல்ல கண்ணு. எடுத்தது அவன்தான்.”

“அப்பச் சரிங்க.”

கட்டுரை எங்கள் இருவர் பெயரிலும் வந்தது. தம்பியின் பெயர் செல்லாது என்ற வரியை மேடமே எழுதினார். வகைப்பாட்டில் கைவிட்ட பெயரையும் அழிப்பதில்லை. சரியான பெயருக்குக் கீழே சிறிய எழுத்தில் அது இருக்கும். இப்போது அந்தப் பாடத்தை நான் நடத்துகிறேன். அந்தச் சிறிய எழுத்தைக் காட்டி, இவர் யார் என்று மாணவர்கள் கேட்பதுண்டு. கண்டெடுத்தவர் என்று சொல்வேன்.