தொழிற்சாலையின் மேல் போட்ட பழி

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். ஞாயிறு விடியலில் காசிமேட்டில் மத்தி வாங்கி, பையோடு ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியில் வைத்தேன். ராயபுரம் டீக்கடையில் நின்று உலகத்தைத் திருத்தினேன். பிறகு காலடிப்பேட்டை வீட்டுக்கு வெறுங்கையோடு வந்து சேர்ந்தேன். மீன் எங்கே என்றாள் மனைவி. வாங்க மறந்துவிட்டேன் என்றேன். பொய்யில்லை, வாங்கியதே மறந்துபோயிருந்தது. அன்றைக்கு ரசம்.

திங்கட்கிழமை வாசலில் நாற்றம். எங்கள் பக்கத்தில் நாற்றம் வந்தால் யாரும் தன் வீட்டில் தேடுவதில்லை. தொழிற்சாலை இருக்கும் திசையைப் பார்த்துத் திட்டுவார்கள். பெரும்பாலும் அது நியாயமும்கூட. நானும் திட்டினேன். தெருவே சேர்ந்துகொண்டது.

செவ்வாய் மாலை, அதே ஸ்கூட்டரில் மகளை டாக்டரிடம் அழைத்துப் போனேன். பத்தாம் வகுப்பு. புத்தகத்தை விரித்தால் இரண்டாவது வரியில் மனசு எங்கோ போய்விடும். பரீட்சை என்றால் காலையிலேயே வயிற்றுவலி. போகும் வழியில் கேட்டாள்: "நைனா, நான் சோம்பேறின்னு சொல்லிடுவாங்களா?"

அவளிடம் பேசிப் பார்த்துவிட்டு, கவனம் ஓரிடத்தில் நிற்காத ஏ.டி.எச்.டி., கூடவே பதற்றம் என்றார் டாக்டரம்மா. நான் முந்திக்கொண்டேன். கண்டெய்னர் லாரி ஹாரன், செல்போன், காற்று என்று, நாலு புத்தகம் படித்த தெம்பில் சூழலைப் பற்றி ஒரு பிரசங்கமே செய்தேன். முடியும்வரை பொறுத்திருந்து கேட்டார்:

"குடும்பத்துல வேற யாருக்காவது இப்படி உண்டா?"

"எங்க வம்சத்துலயே கிடையாது டாக்டர்."

மகள் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"இது சோம்பேறித்தனம் இல்லம்மா" என்றார் அவளிடம். "பிறக்கும்போதே கூட வர்றது கொஞ்சம். சுத்தி இருக்கறது அதைக் கூட்டும், குறைக்கும்." பிறகு என் பக்கம் திரும்பினார். "லாரியை உங்களால நிறுத்த முடியாது சார். வீட்ல கத்தறதை நிறுத்தலாம்."

கீழே வந்தால் அங்கேயும் அதே நாற்றம்.

"பார்த்தியா, ஃபேக்டரி வாடை இங்க வரைக்கும் வந்துகீது!" என்றேன்.

ஃபைலை வைக்கச் சீட்டைத் தூக்கியவள் சட்டென்று மூக்கைப் பொத்தினாள்.

"நைனா, ஃபேக்டரியே இங்கதான் கீது."

வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பல மாதமாக அந்த வயிற்றை அவள் வலிக்காகத்தான் பிடித்திருந்தாள்.

"அப்போ எனக்கு இது உன்னாண்டருந்து வந்துதா?"

"வேற எங்கருந்து வரும்?"

"நல்லவேள" என்றாள். எது நல்லவேளை என்று நான் கேட்கவில்லை. வீடு வரும்வரை என் தோளில் தாடையை வைத்துக்கொண்டு, நாற்றத்தோடு நாற்றமாக உட்கார்ந்து வந்தாள்.

வீட்டில் மகளே எல்லாவற்றையும் ஒப்பித்தாள். மனைவி அடுப்பை விட்டுத் திரும்பக்கூட இல்லை.

"இத்தக் கேக்க டாக்டராண்ட போவணுமா? கண்ணாலத்தன்னிக்குத் தாலிய ஆட்டோலயே வுட்டுட்டு வந்த ஆளு. என்னாண்ட கேட்டிருந்தா அப்பவே சொல்லிருப்பேன்."