ஹெய்ட்டிக்குப் போன முதல் நன்மை உடுப்புகளும் மிசிசாகாவில் ஒரு செவ்வாய்க்கிழமையும்

முதலில் ஒன்றைத் திருத்த வேண்டும். கோயில் பங்கு அறிவிப்பில் என் பெயர் விடுபட்டதால் கோபித்துக்கொண்டு, ஹெய்ட்டிக்கு முதல் நன்மை உடுப்புச் சேர்ப்பதை நான் நிறுத்திவிட்டேன் என்று ஸ்காபரோவில் ஒரு கதை உலவுகிறது. பெயர் விடுபட்டது உண்மை. கோபம் வந்ததும் உண்மை. அது ஒரு பின்னேரத்தோடு போய்விட்டது. சேர்ப்பதை நான் நிறுத்தவில்லை, தள்ளி வைத்திருக்கிறேன். அதற்குக் காரணம் மே மாதத்தில் மிசிசாகாவுக்குப் போய்வந்த ஒரு நாள். சிஸ்டர் ரெஜினாவைப் பார்க்க எப்படிப் போவது என்று, இந்தப் பக்கத்தை வாசிக்கும் உங்களில் பலர் கேட்டிருந்தீர்கள். ஆகவே வழியையும் காரணத்தையும் சேர்த்தே எழுதுகிறேன்.

தெரியாதவர்களுக்காக: சிஸ்டர் ரெஜினா மன்னாரில் பிறந்தவர். பிரெஞ்சு பேசும் ஒரு துறவறச் சபையில் சேர்ந்து, இளவயதிலேயே ஹெய்ட்டிக்கு அனுப்பப்பட்டவர். மலையடிவாரத்துச் சிறுநகரம் ஒன்றில் அவர்களுக்கு ஒரு மடம், ஒரு பள்ளிக்கூடம், ஒரு மருந்துச்சாலை இருந்தன. சில வருடங்களுக்கு முன் விடுமுறையில் எங்கள் பங்குக்கு வந்து பேசினார். வெள்ளை உடுப்பு இல்லாத வெட்கத்தில், முதன்முதலாக நற்கருணை வாங்கும் முதல் நன்மையை வருடக்கணக்காகத் தள்ளிப்போடும் பெண்பிள்ளைகள் அங்கே உண்டு என்றார். எங்கள் வீட்டு அலமாரிகளிலோ ஒரே ஒரு நாள் போட்ட வெள்ளை உடுப்புகள் தொங்கிக்கொண்டிருந்தன. சேர்க்கத் தொடங்கினோம். பொறுப்பை என்னிடம் கொடுத்தார்கள். மஞ்சள் படிந்ததையும் பொத்தான் அறுந்ததையும் நான் திருப்பி அனுப்பியிருக்கிறேன். அதனால் என்னோடு முகம் கொடுக்காதவர்கள் இன்றும் இருக்கிறார்கள். இல்லாதவர்களுக்கு எதையும் கொடுக்கலாம் என்ற எண்ணம் எனக்கு இல்லை.

உள்கழுத்தில் பெயர் தைக்கும் வழக்கத்தை ஏற்படுத்தியதும் நான்தான். உடுப்பைக் கொடுத்த பிள்ளையின் பெயரை, கொடுக்கும் வீட்டார் தமிழில் வெள்ளை நூலால் தைப்பார்கள். அதைப் போடும் பிள்ளை தன் முதல் நன்மை நாளில் அந்தப் பெயருக்காக ஒரு மன்றாட்டுச் சொல்ல வேண்டும். தாய்மாருக்கு இது மிகவும் பிடித்துப்போனது. சிலர் அந்த மன்றாட்டுக்காகவே கொடுத்தார்கள்.

போன வருடம் ஆயுதக் குழுக்கள் அந்த நகரத்தைப் பிடித்துக்கொண்டன. வெளிநாட்டுச் சிஸ்டர்மாரைச் சபை வெளியே எடுத்தது. சிஸ்டர் ரெஜினா இப்போது மிசிசாகாவில், சபையின் வயோதிபச் சிஸ்டர்மார் இருக்கும் வீட்டில் இருக்கிறார். பங்கு ஆண்டு விழாவுக்கு, எங்கள் உடுப்புகளோடு பிள்ளைகள் நிற்கும் படங்கள் தேவைப்பட்டன. எத்தனையோ முறை கேட்டும் முதல் வருடத்துப் படம் ஒன்றைத் தவிர வேறெதுவும் வந்ததில்லை. நேரில் கேட்டு வாங்குவதென்று புறப்பட்டேன்.

டோர்செட் பார்க்கிலிருந்து போகிறவர்கள் கென்னடி வீதிப் பேருந்தில் கென்னடி நிலையத்துக்குப் போய், அங்கிருந்து கிப்ளிங் வரை சுரங்க ரயிலில் போகவேண்டும். முதல் நிலையத்திலிருந்து கடைசி நிலையம் வரை என்பதால் இருக்க இடம் கிடைக்கும். ரயிலில் மட்டும் ஐம்பது நிமிடம். கிப்ளிங்கில் மிசிசாகாப் பேருந்து, டண்டாஸ் வீதியால் போவது. பிரெஸ்டோ அட்டையில் முதியோர் கட்டணம் இரண்டு டொலர் இருபத்தைந்து சதம். இரண்டு மணித்தியாலத்துக்குள் மாறி ஏறினால் திரும்பக் கட்டத் தேவையில்லை. எட்டரைக்கு வீட்டைப் பூட்டினேன், பத்தரைக்குச் சிஸ்டரின் வீட்டு மணியை அடித்தேன். மகள் காரில் விடுகிறேன் என்றாள். காரில் போனால் அவளுடைய நேரத்துக்குத் திரும்ப வேண்டும்.

மிசிசாகாப் பேருந்தின் சாரதி எங்கள் ஆள். மட்டக்களப்பு என்றார். மழை தூறிக்கொண்டிருந்தது. எந்த வீட்டுக்கு என்று விசாரித்துவிட்டு, தரிப்பிடத்துக்கு முன்னாலேயே நிறுத்தினார்.

"இதுல இறங்குங்க அன்ரி, நடை மிச்சம். ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதீங்க, நாளைக்கு எல்லாரும் இதுல நிப்பாட்டச் சொல்லுவாங்க."

ஆகவே பேருந்தின் எண்ணை எழுதவில்லை.

வீட்டில் பெயர்ப்பலகை கிடையாது. சிவப்புச் செங்கல், சக்கர நாற்காலிக்கான சாய்வுப்பாதை, உள்ளே கடும் வெப்பம். சிஸ்டர் அந்த வெப்பத்திலும் குளிர்ச்சட்டை போட்டிருந்தார். நன்றாக மெலிந்திருக்கிறார். அறையில் பெரிய ஜன்னல் இருக்கிறது, வெளியே மேப்பிள் மரம். அவருடைய கதிரையோ ஜன்னல் தெரியாத மூலையில், சுவரோடு ஒட்டிக் கிடந்தது. என்னையும் அந்தப் பக்கமாக இழுத்து இருத்தினார். ஜன்னலுக்குக் கிட்ட இருக்கிற பழக்கம் விட்டுப்போய்விட்டது என்றார்.

தேநீர் வந்தது. நலம் விசாரித்தோம். பிறகு நான் வந்த விஷயத்தைச் சொன்னேன். படங்கள் அனுப்பாதது மரியாதை இல்லை என்றும் சொன்னேன். நான் பேசி முடிக்கும்வரை அவர் கேட்டுக்கொண்டிருந்தார்.

"போன முறை அனுப்பின உடுப்புகளையாவது ஒரு படம் எடுத்திருக்கலாமே, சிஸ்டர்?"

"அதுகள் தாட்டாச்சு, அக்கா."

உடுப்பை ஏன் மண்ணில் புதைக்க வேண்டும் என்று எனக்கு விளங்கவில்லை. அவர்தான் மெல்ல மெல்லச் சொன்னார். முதல் இரண்டு வருடமும் பிள்ளைகள் அந்த உடுப்போடுதான் முதல் நன்மை எடுத்தார்கள். பிறகு வீதி அடைபட்டது. குருவானவர் வர முடியவில்லை. கொலரா வந்தது, துப்பாக்கிச் சூடும் வந்தது. ஒரு தாய் மடத்து வாசலுக்கு வந்து, செத்துப்போன மகளுக்குப் போட வெள்ளையாக ஒரு உடுப்புக் கேட்டாள். அங்கே சிறு பிள்ளைகளை வெள்ளையில்தான் அடக்கம் செய்வார்களாம். தன்னிடம் இருந்ததெல்லாம் ஒரு பழைய பள்ளிச்சீருடை என்று அந்தத் தாய் காட்டினாளாம். சிஸ்டர் கொடுத்தார். அடுத்த கிழமை இன்னொரு தாய் வந்தாள்.

உயிரோடிருக்கும் பிள்ளையின் உடுப்பு, அதுவும் அவளுடைய பெயரோடு, சவப்பெட்டிக்குள் போவதை எங்கள் சனம் எப்படி எடுக்கும் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அது மூடநம்பிக்கை என்று கொன்வென்றில் எனக்குப் படிப்பித்தார்கள். படித்தது அந்த நேரம் உதவவில்லை. கோப்பையைக் கீழே வைத்தேன்.

என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிஸ்டர் சொன்னார்:

"பேரை எல்லாம் பிளேட்டால பிரிச்சுப்போட்டுத்தான் குடுத்தனான். எங்கட சனத்தை எனக்குத் தெரியாதே?"

"எல்லாத்தையுமோ?"

"ஒண்டைத் தவிர. மற்றவையின்ட தையல் ரெண்டு இழுவையில வந்திடும். உங்கடது வரேல்லை அக்கா. கொன்வென்ற் தையல். இன்னும் இழுத்தால் சீலை கிழிஞ்சிடும். தாய் வாசல்ல நிக்கிறா. அப்பிடியே குடுத்திட்டன்."

என் கையால் நான் பெயர் தைத்தது ஒரே ஒரு உடுப்பில். அது என் பேத்தி டிலானியுடையது. என் தையலை அதற்கு முன் எவரும் இப்படி மெச்சியதில்லை.

ஏன் எனக்கு எழுதவில்லை என்று கேட்டேன். எழுதியிருந்தால் அனுப்பியிருப்பீர்களா என்று திருப்பிக் கேட்டார். அந்த ஊரைச் சேர்ந்த இரண்டு சிஸ்டர்மார் இன்னும் அங்கேயே இருக்கிறார்கள். உடுப்பு வேண்டும் என்று இப்போதும் செய்தி அனுப்புகிறார்களாம். செப்டெம்பர் கடைசியில் துறவறச் சகோதரர் ஒருவர் ஹெய்ட்டியின் வடக்கு விமான நிலையம் வழியாக அங்கே போகிறார், இரண்டு பெட்டி கொண்டுபோகலாம்.

"இந்த முறை பேர் தைக்காமல் தாங்கோ அக்கா. ஒருத்தருக்கும் ஒண்டும் சொல்லத் தேவையில்லை."

முதல் நன்மைக்கு என்று கேட்டு வாங்கி அடக்கத்துக்கு அனுப்ப என்னால் முடியாது என்றேன். அவர் குளிர்ச்சட்டையை இழுத்து மூடிக்கொண்டார்.

"அப்ப ஒரு உடுப்பும் வராது."

அவரோடு மேலும் சண்டைபிடிக்க எனக்கு மனம் வரவில்லை. பன்னிரண்டு மணிக்குச் செபமணி அடித்தது, எழுந்தேன். திரும்பும் வழியில் ரயிலில் கென்னடிக்கு வந்து எல்லாரும் இறங்கிய பிறகும் நான் இருந்தேன். துப்புரவு செய்ய வந்த பெண் தோளில் தட்டினாள்.

அன்றிரவே என் மகளுக்குச் சொன்னேன். அவள் தொலைபேசியை வைத்துவிட்டாள். மறுநாள் காலை டிலானியின் பெயரில் ஒரு பூசை ஒப்புக்கொடுத்தாள் என்று வேறொருவர் மூலம் அறிந்தேன். என்னோடு இன்னும் பேசவில்லை. டிலானி தானாகவே என்னை அழைத்தாள். வோட்டர்லூவில் படிக்கிறாள், இருபத்தொரு வயது. பயந்திருப்பாள் என்று நினைத்து ஆறுதல் சொல்லத் தொடங்கினேன்.

"நான் ஓகே, அம்மம்மா. அந்தக் கேர்ளின்ட நேம் என்ன?"

"கேக்கேல்லை, பிள்ளை."

"கேக்கேல்லையா?"



போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். செவ்வாய், வியாழன் காலைகளே நல்லது, பன்னிரண்டுக்கு முன் புறப்பட்டுவிடுங்கள். சிஸ்டருக்குச் சீனி வருத்தம், கேக் கொண்டுபோக வேண்டாம். ஒடியல் மாவும் பனங்கிழங்கும் கேட்டார். கும்பலாகப் போகாதீர்கள், கதவு படீரென்று அடித்துச் சாத்தினால் அவர் உடல் நடுங்குகிறது. படம் எடுக்காதீர்கள். எதற்காகக் கொடுத்தீர்கள் என்று அவரோடு வாதாடவும் போகாதீர்கள். வாதாட விரும்புகிறவர்கள் என்னிடம் வாருங்கள்.

இதுவரை உடுப்புக் கொடுத்த, இனிக் கொடுக்க நினைத்த தாய்மாருக்கு ஒரு கேள்வி. உங்கள் மகளின் உடுப்பு ஒரு முதல் நன்மைக்குப் போகலாம், ஒரு அடக்கத்துக்கும் போகலாம். பெயர் தைக்கமாட்டோம். தெரிந்துகொண்டு கொடுப்பீர்களா? ஓம் அல்லது இல்லை என்று உங்கள் பெயரோடு ஓகஸ்ட் முடியுமுன் எழுதி அனுப்புங்கள். கோயில் வாசலில் மறித்துச் சொல்ல வேண்டாம். ஒரு உடுப்புத்தான் வந்தாலும் அதை நானே தோய்த்து அழுத்தி அனுப்புவேன்.

சிஸ்டர் ரெஜினா, இந்தப் பக்கத்தை நீங்கள் வாசிப்பதாகச் சொன்னீர்கள். நவம்பரில் இறந்தோருக்கான பூசையில் வாசிக்க, என் கணவரின் பெயரை நான் வருடாவருடம் கொடுப்பதுண்டு. இந்த வருடம் அவருடைய பெயருக்குக் கீழே இன்னொரு பெயரும் கொடுக்க வேண்டும். தொலைபேசியில் சொன்னால் என் காதுக்குப் பிடிபடாது. டிலானியின் உடுப்போடு அடக்கமான அந்தப் பிள்ளையின் முழுப் பெயரை எனக்கு எழுதி அனுப்புங்கள்.