ஐந்தரைக் கட்டை

ஒருவரின் இயலாமையை இன்னொருவரின் தொண்டை எத்தனை காலம் சுமக்கும்? நாமக்கல் அர்த்தநாரியை நினைக்கும்போதெல்லாம் எனக்கு இந்தக் கேள்விதான் வருகிறது. ஆர்மோனியத்தில் அவர் பெரிய வாசிப்பாளர் அல்ல. தாளம் பிசகாது, அவ்வளவுதான்.

அவர் ஆர்மோனியம் பழகியது பஜனைக் கூடத்தில். பெட்டி எந்தச் சுருதியோ அதில்தான் எல்லோரும் பாட வேண்டும் என்பது அங்கே வழக்கம். அவருக்குத் தெரிந்தது, வெள்ளைக் கட்டையில் தொடங்கும் ‘ஒரு கட்டை’ச் சுருதி மட்டும். வெள்ளைக் கட்டைகளை விட்டு விரல் நகராது. மனைவியின் தம்பி கந்தப்பன் தொடங்கிய மெல்லிசைக் குழுவுக்கும் அதே வழக்கத்தைக் கொண்டுபோனார். குழுவில் பாடியவள் மனைவி வசந்தாமணி. அவள் குரலுக்கு இயல்பான சுருதி அதற்குக் கீழே, கறுப்புக் கட்டையில் தொடங்கும் ஐந்தரை; எண் பெரிதானாலும், அந்த ஒரு கட்டைக்குக் கீழ் ஸ்தாயியில் வருவது.

"ஏனுங்க, கொஞ்சம் எறக்கி வாசிக்கப்படாதுங்களா? தொண்டை எரியுதுங்க."

"பனங்கற்கண்டு போட்டுக்க புள்ள. பாட்டுக்காகப் பெட்டிய ஒடச்சா கட்ட முடியும்?"

தான் கற்றுக்கொள்ளலாம் என்று அவருக்குத் தோன்றவில்லை. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தொன்பதில் சேந்தமங்கலம் நோம்பித் திருவிழாக் கச்சேரியில், மேல் ஸ்தாயியில், அவள் குரல் அறுந்தது. பேசுவதற்குக் காற்று கலந்த ஒரு குரல் மிஞ்சியது. பாடுவதற்கு எதுவும் மிஞ்சவில்லை.

எண்பத்தேழில் கந்தப்பன் சேலத்திலிருந்து கீபோர்டு ஒன்று வாங்கி வந்தான். பட்டனை அமுக்கினால், விரல் பழைய இடத்திலேயே இருக்க, சுருதி மட்டும் இறங்கும், ஏறும்.

"இனி நீங்க கறுப்புப் பக்கமே போக வேண்டாம் மாமா. உங்களுக்குப் பதிலா மிசினு போயிட்டு வந்துரும்!" என்று சிரித்தான்.

அர்த்தநாரி அதை வீட்டுக்குக் கொண்டுபோய், ஐந்தரைக்கு இறக்கி, அவள் பாடிய பாட்டொன்றை வாசித்தார். அவள் பாட்டு எடுக்க வேண்டிய இடத்தில் கை நின்றுவிட்டது. அங்கே அவளுடைய பழைய குரல் கேட்டதாம், வலியில்லாமல், அவள் மேடையில் ஒருநாளும் பாடியிராத சுருதியில். பட்டனைத் தொட்டபோதெல்லாம் கேட்டது என்று பின்னால் என்னிடம் சொன்னார். நான் அதை நம்பவில்லை. சொன்னபோது இருந்த முகத்தை நம்பினேன்.

சமையல்கட்டிலிருந்து வந்த வசந்தாமணி பாட வாயைத் திறந்தாள். காற்றுதான் வந்தது.

"இத்தனை சுளுவுங்களா இது?" என்றாள், பட்டனைப் பார்த்து.

அடுத்த மாதம் புதுச்சத்திரத்தில் கச்சேரி. புதிதாகப் பாட வந்த சாரதாமணிக்கும் ஐந்தரைதான். அர்த்தநாரி பட்டனைத் தொடவில்லை. கறுப்புக் கட்டைகளின்மேல் விரல்களை வைத்து, தடவித் தடவி, அவள் சுருதியிலேயே வாசித்தார். சுரங்கள் தப்பின. கூட்டம் விசிலடித்தது.

"பெருசு, தூங்கி எந்திரிச்சு வாய்யா!"

"மாமா, பட்டனு! பட்டன அமுக்குங்க!" கந்தப்பன் பல்லைக் கடித்தான்.

அவர் நிமிரவில்லை. அந்தப் பெண் சிரமமில்லாமல் பாடிக்கொண்டிருந்தாள். அதன்பின் எந்த மேடையிலும் அவர் அந்தப் பட்டனை அமுக்கவில்லை.