எல்லோருக்கும் கையில்தான் தண்ணீர்

நான் எழுதுகிற ஆள் அல்ல. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். நாலு பேர் கூடியிருக்கிற இடத்தில் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாலே ஆருக்காவது பின்னால் ஒதுங்கிவிடுவேன். இப்படிப்பட்ட ஒருத்தி பேனையைப் பிடித்து ஊரார் வாசிப்பதற்கென்று எழுத வெளிக்கிடுவது அதிகப்பிரசங்கித்தனம் என்று நினைப்பவர்களிடம் முதலிலேயே மன்னிப்புக் கேட்டுவிடுகிறேன். ஆனால் எழுதாமல் விடப்போவதில்லை. சில மாதங்களுக்கு முன் எங்கள் புங்குடுதீவில் ஒரு பாலர் பாடசாலையைத் திறந்து வைத்தார்கள். பந்தல், ஒலிபெருக்கி, மாலை எல்லாம் இருந்தன. மேடையில் பேசியவர்கள் ஒருவர் பின் ஒருவராக, இந்தப் பக்கத்தில் சின்னப்பிள்ளைகளுக்கென்று இப்படி ஒன்று தொடங்குவது இதுதான் முதல் தடவை என்றார்கள். சனம் கைதட்டியது. அப்படிப் பேசியவர்களில் ஒருவர், மூக்கு ஒழுக ஒழுக என் மச்சாளின் விறாந்தையில் இருந்து பாட்டுப் பாடியவர். ஆர் என்று நான் சொல்லமாட்டேன், அவருக்கே தெரியும். நான் எழும்பி "இல்லை" என்று சொல்லியிருக்க வேண்டும். கடைசி வரிசைக் கதிரையில் வாயை மூடிக்கொண்டு இருந்தேன். வாயால் ஏலாமற் போனதைக் கையால் செய்வதற்குத்தான் இந்த எழுத்து.

முதலாவது நேசறி, அதாவது பாலர் பாடசாலை, எங்கள் மச்சாளின் வீட்டில் நடந்தது. மச்சாள் என்பது என் தாய்மாமனுடைய மகள். என்னைவிட இரண்டு வயது மூப்பு. அவளுக்குச் சீதனமாக எழுதிக் கொடுத்த வீடு எங்கள் வளவுக்குப் பக்கத்து வளவு. அவளுடைய புருசன் மற்ற எங்கள் ஊர் ஆண்களைப்போலவே தென்னிலங்கைப் பக்கத்தில் கடை வைத்திருந்தார். கோயில் திருவிழாவுக்கும் வருசப்பிறப்புக்கும் வந்து போவார். வீட்டில் மச்சாளும் சின்ன மகளும்தான். மச்சாள் என்னைப்போல அல்ல. ஆரோடும் முகம் பார்த்துக் கதைப்பாள். சிரித்துக்கொண்டே மறுத்துப் பேசுவாள். அந்தச் சிரிப்புத்தான் பெரிய ஆட்களுக்குக் கூடக் கோபம் மூட்டியது என்று நினைக்கிறேன்.

அவள் நேசறி தொடங்கியதற்குக் காரணம் ஒரு கயிறு. எங்கள் ஒழுங்கைக்கு அப்பால், பனங்கூடல் கரையில், பனையேறிக் கள்ளிறக்கும் சீவல்தொழில் செய்யும் ஒருவரின் குடும்பம் இருந்தது. ஓலை வாங்குவதற்காக ஒருநாள் நானும் மச்சாளும் அங்கே போனோம். அந்த மனுசி அடுப்படியில் பனங்கட்டி காய்ச்சிக்கொண்டிருந்தாள். முற்றத்துப் பூவரசில், நாலு வயதுகூட ஆகாத ஒரு பெண்பிள்ளையை இடுப்பில் கயிறு போட்டுக் கட்டியிருந்தது. பிள்ளை அழவில்லை. கயிறு போகிற தூரத்துக்குப் போய் நின்று எங்களைப் பார்த்தது. அந்த மனுசி கையைப் பிசைந்துகொண்டு சொன்னாள்: "என்ன செய்யிறது நாச்சியார், கிணத்துக்குச் சுத்துக்கட்டு இல்லை. பாகு பதத்துக்கு வரேக்கை விட்டிட்டுப் போகேலாது." திரும்பி எங்கள் ஒழுங்கைக்குள் வந்ததும், எங்கள் பெரியப்பா வீட்டு விறாந்தையில் அவருடைய பேரன் பழைய சேலைத் துண்டால் கதிரைக் காலில் கட்டப்பட்டு இருந்தான். அவனுடைய தாய் புகையிலைத் தோட்டத்துக்குச் சாப்பாடு கொண்டு போயிருந்தாள். மச்சாள் நின்றுவிட்டாள். "இஞ்சை பார், அங்கை கயிறு, இஞ்சை சேலை. அவ்வளவுதான் வித்தியாசம்" என்றாள்.

இப்படித்தான் தொடங்கியது. பலகை, வாங்கு ஒன்றும் இல்லை. விறாந்தையின் இந்தத் தொங்கலிலிருந்து அந்தத் தொங்கல்வரை போதுமான நீளத்தில் ஓர் ஓலைப் பாயை இரண்டு பேருமாக இருந்து இழைத்தோம். பிள்ளைகளுக்குத் தனித்தனியாகச் சின்னத் தடுக்கு இழைப்பது லேசு; மச்சாள் வேண்டாமென்றாள். தடுக்கென்றால் ஆளுக்கொரு தடுக்காகும், பிறகு தடுக்குகள் தள்ளித் தள்ளிப் போகும் என்றாள். சாட்டிக் கடற்கரையிலிருந்து ஆரோ கொண்டுவந்து தந்த சிப்பியும் சோகியும் ஒரு பெட்டி நிறைய இருந்தன. அவற்றை எண்ணுவதும் நிறம் பிரிப்பதும் ஒரு பாடம். எழுத்து மட்டும் படிப்பிக்கவில்லை. விசயதசமியில் ஏடு தொடக்காத பிள்ளைக்கு எழுத்துக் காட்டக்கூடாது என்று தாய்மார் சொன்னார்கள். மச்சாள் அதைக் கேட்டு நடந்தாள். அதனால் பொத்தான் பூட்டவும், மூக்குத் துடைக்கவும், முறைக்கு நிற்கவும், உரத்துப் பாடவும் பழக்கினோம். "எழுத்தில்லாப் பள்ளிக்கூடமாம், மூக்குத் துடைக்கிறது பெரிய படிப்பாம்" என்று கிணற்றடியில் பகிடி பண்ணினார்கள். பகிடி பண்ணியவர்களே காலையில் பிள்ளைகளைக் கொண்டுவந்து விட்டுவிட்டுத் தோட்டத்துக்குப் போனார்கள்.

சீவல்காரரின் மகளைக் கொண்டுவந்து விட்டபோது தாய் படலைக்கு வெளியே நின்றாள். "நாச்சியார், இவளை முத்தத்திலை இருத்துங்கோ, போதும்" என்றாள். மச்சாள் அவளைப் பார்த்து, "நாச்சியார் எண்டு கூப்பிடாதையும். இஞ்சை நான் ரீச்சர். பிள்ளையைத் தாரும்" என்று சொல்லி, பிள்ளையைத் தூக்கிக்கொண்டுபோய்த் தன் மகளுக்குப் பக்கத்தில் பாயில் இருத்தினாள். அந்த மனுசியை எங்களில் ஒருவர் "நீர்" போட்டுப் பேசியதை நான் கேட்டது அதுதான் முதல் தடவை. அவளும் அப்படித்தான் கேட்டிருப்பாள். வெகுநேரம் படலையைப் பிடித்தபடி நின்றாள்.

அன்று பிள்ளைகள் ஓடி விளையாடிக் களைத்து வந்து தண்ணீர் கேட்டார்கள். இந்த இடத்தில் ஒன்றை விளக்க வேண்டும். அந்தக் காலத்தில் எங்கள் வீடுகளில் வந்தவர்களுக்கு மூக்குப்பேணியில், மூக்கு வைத்த குவளையில், தண்ணீர் கொடுப்போம். சீவல்தொழில் செய்பவர்களுக்குப் பேணி கொடுப்பதில்லை. அவர்கள் முற்றத்தில் குந்தியிருந்து இரண்டு கையையும் சேர்த்து ஏந்துவார்கள், நாங்கள் நின்றபடி செம்பால் வார்ப்போம். இதை ஆரும் எங்களுக்குச் சொல்லித் தரவில்லை. பார்த்துப் பழகியது. அந்தப் பிள்ளையும் பார்த்துப் பழகியிருந்தது. நான் செம்போடும் பேணிகளோடும் வந்ததுதான் தாமதம், மற்றப் பிள்ளைகள் பேணிக்குக் கையை நீட்ட, அது மட்டும் பாயை விட்டு இறங்கி, முற்றத்தில் குந்தி, சின்னக் கைகளைச் சேர்த்து ஏந்தியது.

மச்சாள் என்னிடமிருந்து பேணிகளை வாங்கினாள். உள்ளே கொண்டுபோய் அலுமாரிக்குள் வைத்துப் பூட்டித் திறப்பை இடுப்பில் செருகினாள். பிறகு வந்து, அந்தப் பிள்ளைக்குப் பக்கத்தில் தானும் குந்தி, கைகளை ஏந்தி, "வார்" என்றாள். வார்த்தேன். குடித்துவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டு, "இஞ்சை எல்லாருக்கும் கையிலைதான் தண்ணி. ஆர் சிந்தாமல் குடிக்கிறது பாப்பம்!" என்றாள். பிள்ளைகளுக்கு அது விளையாட்டு. ஓடிவந்து வரிசையில் குந்தினார்கள். அன்று பின்னேரம் நான் கேட்டேன், ஏன் எல்லாருக்கும் பேணி கொடுக்கவில்லை என்று. "குடுத்திருந்தால் நாளைக்கு ஒருத்தரும் வராயினம்" என்றாள். "பேணிக்கு ஆயிரம் கதை வரும். கையிலை குடுக்கிறதை ஆர் பிழையெண்டு சொல்லுறது? அவையின்ரை வழக்கம்தானே."

மச்சாள் கெட்டிக்காரி. ஆனால் ஒன்றை யோசிக்கத் தவறிவிட்டாள். பிள்ளைகள் படித்ததை வீட்டுக்குக் கொண்டுபோவார்கள்.

எங்கள் பகுதி ஆட்கள் கும்பிடும் வைரவருக்குப் பொங்கிப் படைக்கும் மடை வந்தது. மடை முடிந்து பெரியப்பா வீட்டில் உறவுகள் எல்லாரும் கூடியிருந்தோம். ஆண்கள் வரிசையாகச் சாப்பிட்டுக்கொண்டிருக்க, பேரன் தண்ணீர் கேட்டான். தாய் வெள்ளி மூக்குப்பேணியில் நிரப்பிக் கொண்டுவந்து நீட்டினாள். பொடியன் பேணியை வாங்கவில்லை. பந்தியிலிருந்து எழும்பி முற்றத்தில் இறங்கிக் குந்தினான். கைகள் இரண்டையும் அழகாகச் சேர்த்துத் தாய்க்கு முன்னே ஏந்தினான். சாப்பிட்டுக்கொண்டிருந்த கைகள் நின்றன. பெரியப்பா, "ஆரடா உனக்கு இப்பிடிப் பழக்கினது?" என்று கேட்டார். அவன் பெருமையோடு, "ரீச்சர். ரீச்சரும் இப்பிடித்தான் குடிக்கிறவ. நான் சிந்தாமல் குடிப்பன், பாருங்கோ" என்றான்.

மறுநாள் நேசறி நடந்துகொண்டிருக்கும்போது பெரியப்பா வந்தார். கூட எங்கள் ஐயாவும் வந்தார். பெரியப்பா படலையடியில் நின்றே தொடங்கினார்.

"பிள்ளை, இதென்ன கூத்து நடத்திறாய்?"

"உள்ளுக்கு வாங்கோ மாமா. வெயிலுக்கை நிக்காதேங்கோ."

"நான் இருக்க வரேல்லை. என்ரை பேரன் இனசனத்துக்கு முன்னாலை குந்தியிருந்து கையேந்திறான். என்ரை வீட்டு முத்தத்திலை!"

"நல்ல பழக்கம்தானே மாமா. ஒரு பேணியிலை எல்லாக் குஞ்சுகளும் வாய் வைச்சால் சளியெல்லாம் ஒட்டும்."

"விண்ணாணம் கதையாதை." பெரியப்பா முற்றத்துக்குள் வந்துவிட்டார். ஆனால் அடுத்ததைக் குரலைத் தணித்துத்தான் சொன்னார். "நான் அந்தப் பிள்ளையைக் கலைச்சுவிடு எண்டு சொல்லேல்லை. அதுவும் குழந்தைதானே. வேம்புக்குக் கீழை ஒரு சாக்கைப் போட்டு இருத்து. அதுக்குக் கையிலை குடு. எங்கடை பிள்ளையளுக்குப் பேணியிலை குடு. ஒருத்தருக்கும் கரைச்சல் இல்லை."

"அவளுக்குக் கரைச்சல், மாமா."

"அப்ப எங்கடை பிள்ளையள் ஒண்டும் நாளைக்கு வராது. வெறும் பாய்க்குப் படிப்பி. உன்ரை மனுசனுக்கும் காயிதம் போடுவன்."

"போடுங்கோ. அவர் வந்தாலும் இந்த விறாந்தையிலைதான் இருக்க வேணும். வீடு என்ரை சீதனம். இதிலை ஆர் இருக்கிறது, ஆர் எழும்புறது எண்டு நான்தான் சொல்லுவன்." இதையும் அவள் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் பாய் விளிம்பைப் பிடித்திருந்த கை வெளுத்திருந்தது. பிறகு என்னைத் திரும்பிப் பார்த்து, "மாமா வேர்த்துப்போய் நிக்கிறார், தண்ணி கொண்டு வா" என்றாள்.

நான் குசினிக்குள் போய்ச் செம்பை நிரப்பினேன். பேணி அலுமாரிக்குள் பூட்டிக் கிடந்தது. வெறும் செம்போடு விறாந்தைக்கு வந்தேன். செம்பைக் கண்டதும் பிள்ளைகள் தண்ணீர் குடிக்கும் நேரம் வந்துவிட்டது என்று நினைத்தார்கள். பாயிலிருந்து துள்ளி எழும்பி, பெரியப்பாவின் காலுக்கு முன்னால் முற்றத்தில் வரிசையாகக் குந்திக் கைகளை ஏந்தினார்கள். சீவல்காரரின் மகள்தான் முதலில். அடுத்து பெரியப்பாவின் பேரன். அவள் நிமிர்ந்து பெரியப்பாவைப் பார்த்தாள். பார்த்ததும் கைகளைப் பிரித்து மெல்ல மடிக்குள் இழுத்தாள். பேரன் அவளை இடித்து, "எடியே, கையை நீட்டன். இல்லாட்டில் எனக்குத்தான் முதல்" என்றான்.

எங்கள் வளவுக்கும் மச்சாள் வளவுக்கும் இடையிலான வேலியில் ஒரு பொட்டு இருந்தது. வேலியில் ஆள் நுழையக்கூடிய சிறிய வழியைத்தான் எங்கள் பக்கத்தில் பொட்டு என்போம். ஒற்றுமையாக இருக்கும் உறவுகளுக்குள் அது திறந்திருக்கும். அதை அடைத்தால் நல்லது கெட்டது இரண்டுக்கும் உறவு அறுந்தது என்று பொருள். ஐயா என்னைப் பார்த்துச் சொன்னார்: "பிள்ளை, செம்பை வைச்சிட்டு வீட்டை வா. இப்ப வராட்டில் நான் பொட்டை அடைச்சுப்போடுவன்."

ஐயாவுக்கு நான் ஒருநாளும் எதிர்த்துப் பேசியதில்லை. அன்றும் பேசவில்லை. படியால் இறங்கி, அந்தப் பிள்ளைக்கு முன்னால் போய் நின்றேன். நின்றபடி வார்க்க மனம் வரவில்லை. நானும் குந்தினேன். "கையைப் பிடி, அம்மா" என்றேன். பிடித்தாள். வார்த்தேன். பாதி நிலத்தில் போனது. பிறகு பேரனுக்கு வார்த்தேன். அவன் ஒரு சொட்டும் சிந்தாமல் குடித்துவிட்டுப் பெரியப்பாவை நிமிர்ந்து பார்த்தான்.

கடைசிப் பிள்ளையும் குடித்து முடித்தது. மச்சாள், "உங்களுக்கும் வாக்கச் சொல்லட்டே, மாமா?" என்று கேட்டாள். பெரியப்பா, "இனி உன்ரை வாசல்லை பச்சைத் தண்ணியும் வாயிலை வைக்கமாட்டன்" என்று சொல்லி, பேரனின் ஈரக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். ஐயா கொஞ்சம் நின்றுவிட்டு அவருக்குப் பின்னே போனார்.

அதற்குப் பிறகும் அந்த நேசறி பல வருசம் நடந்தது. போனவர்களில் பலர் திரும்பி வந்தார்கள், சிலர் வரவில்லை. மச்சாள் இப்போது மகளோடு கிளிநொச்சியில் இருக்கிறாள். இதை எழுதுவதற்கு நான் அவளிடம் கேட்கவில்லை. கேட்டால், "உனக்கென்ன விசரே" என்பாள். மேடையில் பேசியவர்களுக்கு நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். பந்தல் போட்டால்தான் பள்ளிக்கூடம் என்றால் உங்களுடையதே முதல். ஒரே பாயில் எல்லாப் பிள்ளைகளையும் இருத்தி, அதற்காக ஊரின் முகத்தைப் பார்த்து நிற்பதுதான் பள்ளிக்கூடம் என்றால், அது எங்கள் மச்சாளின் விறாந்தையில் எப்போதோ நடந்து முடிந்தது. நானும் அதில் இருந்தேன்.

பெரியப்பா வந்து போன அடுத்த நாள் காலையில் பொட்டு அடைத்திருந்தது. நான் ஒழுங்கையால் சுற்றி, பெரியப்பா வீட்டுப் படலையைத் தாண்டிப் போனேன். மச்சாளின் மகளையும் சீவல்காரரின் மகளையும் சேர்த்து நாலு பிள்ளைகள் வந்திருந்தார்கள். பாயை முழு நீளத்துக்கும் விரித்தோம்.