கம்பவுண்டர் வீட்டை வாங்க வந்தவர்

எனக்குப் பன்னிரண்டு வயது முடிவதற்குள் நாங்கள் ஆறு வீடு மாறியிருந்தோம். ஆறும் நீடாமங்கலத்துக்குள்ளேயே. அப்பா வீட்டு புரோக்கர். பிள்ளைகள் வேலை கிடைத்துச் சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் போக, பின்னாலேயே பெரியவர்களும் கிளம்பிப் போய்க்கொண்டிருந்த காலம் அது. போகிறவர்கள் சாவியை அப்பாவிடம் கொடுத்துவிட்டுப் போவார்கள். ஆள் புழங்காத வீடு ஆறு மாதத்தில் வீணாகிவிடும் என்பது அவர் எண்ணம். அதனால் விற்கும்வரை எங்களையே அதில் குடி வைத்துவிடுவார். வீடு விற்றால் அப்பா ஜெயித்துவிட்டார் என்று அர்த்தம். நாங்கள் மூட்டை கட்ட வேண்டும் என்றும் அர்த்தம். அம்மா பாதிப் பாத்திரங்களைச் சாக்கிலிருந்து எடுப்பதையே நிறுத்தியிருந்தாள்.

அப்பா ஓரிடத்தில் நிம்மதியாக உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. சோற்றைப் பிசைந்து வைத்துவிட்டு எழுந்துபோய்க் கதவுக் கீலை ஆட்டிப் பார்ப்பார். ஊரில் எந்த வீட்டை யார் கட்டினார்கள், எந்தச் சுவர் எந்த அண்ணன் தம்பி சண்டையில் குறுக்கே எழும்பியது என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். தெரிந்ததை மறைக்கத்தான் தெரியாது. "இந்த அடுப்படியில புகை சரியா வெளிய போகாதுங்க. ஆனா இதே அடுப்படியில மூணு ஓரகத்திங்க சண்டையில்லாம சமைச்சிருக்காங்க" என்பார். வந்தவர் புகையை மட்டும் காதில் வாங்கிக்கொண்டு போய்விடுவார்.

அந்த வருடம் கடைத்தெருவில் 'ரியல் எஸ்டேட்' என்று இரண்டு போர்டுகள் முளைத்தன. வயலை மேடாக்கி, மஞ்சள் பூசிய கல் நட்டு, ஏதாவது ஒரு நகர் என்று பெயர் வைத்தார்கள். அப்பாவையும் கூப்பிட்டார்கள். அவர் ஒரு நாள் போய் நின்றுவிட்டு வந்து, "கல்லைக் காட்டி என்னத்தப் பேசறது?" என்றார். அம்மா அடுப்படியில் பாத்திரத்தை உருட்டினாள்.

ஏழாவதாக நாங்கள் குடிபோனது கம்பவுண்டர் வீடு. மிஷன் ஆஸ்பத்திரியில் கம்பவுண்டராக இருந்த ஒருவர், ரயில்வே லைனைப் பார்த்த மாதிரி கட்டியது. அவருடைய மருமகள், ரிட்டையர் ஆன டீச்சர், மகன் வற்புறுத்தியதால் சென்னைக்குப் போய்விட்டார். போகும்போது அப்பாவிடம் ஒன்றுதான் கேட்டுக்கொண்டார். "மரத்துக்காகப் பிரிச்சு விக்கிறவங்களுக்குக் குடுத்துடாதீங்க. குடியிருக்கிறவங்களா பாருங்க." சென்னையிலிருந்த மகனோ எஸ்.டி.டி. பூத்துக்குப் போன் போட்டு, யாராக இருந்தாலும் சரி, சீக்கிரம் முடியுங்கள் என்று அவசரப்படுத்திக்கொண்டிருந்தான்.

அந்த வீட்டின் மேற்கு அறையில் ஒரு ஜன்னல் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் தொடங்கும். கம்பவுண்டரின் மனைவி நடக்க முடியாமல் பாயில் படுத்திருந்த காலத்தில், படுத்தபடியே ரயிலைப் பார்க்கட்டும் என்று சுவரை இடித்து இறக்கி வைத்ததாம். நான் குப்புறப் படுத்துக்கொண்டு அதன் வழியே பார்ப்பேன். பாடப் புத்தகத்தை அங்கே வைத்தேன், துணிப்பையை அங்கே மாட்டினேன். இனி மூட்டை கட்டுவதில்லை என்று யாரையும் கேட்காமல் முடிவும் செய்துவிட்டேன்.

பத்து மாதம் போயிற்று. வந்தவர்களில் பாதிப் பேர் உத்திரத்தைத்தான் அண்ணாந்து பார்த்தார்கள், தேக்கு எவ்வளவு தேறும் என்று. அப்பா அவர்களை வாசலோடு திருப்பி அனுப்பினார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒருவர் தனியாக வந்தார். ஆற்றுக்கு அக்கரையில் இருந்த தெருக்காரர். சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் வெகுநாள் வெல்டராக இருந்துவிட்டு ஊரோடு வந்தவர். அக்கரைத் தெருக்காரர்களை எங்கள் ஊரில் பல வீடுகளில் அப்போதும் வாசலில் நிறுத்தித்தான் பேசுவார்கள். அவர் கேட்டுக்கு வெளியிலேயே செருப்பைக் கழற்றினார்.

"அட, போட்டுக்கிட்டே வாங்க, உள்ள வந்து கழட்டிக்கலாம்" என்றார் அப்பா.

அவர் வெறுங்காலோடுதான் வந்தார். கூடத்தில் ஓரிடத்தில் வந்து நின்றுகொண்டார்.

"இங்கதாங்க பெஞ்சு கிடந்துச்சு. எனக்கு எட்டு வயசு. அறுப்புல அருவா கால்ல பட்டுடுச்சு. எங்கப்பா தோள்ல தூக்கிட்டு வந்து கொல்லைப்பக்கமா போகப் பாத்தாங்க. கம்பவுண்டரய்யா, 'ஏன் சுத்திப் போறீங்க, இப்படி வாங்க'ன்னு முன்வாசல் வழியாக் கூப்பிட்டு உக்கார வச்சுக் கட்டுப் போட்டாரு. இந்த ஊருக்குள்ள ஒரு வீட்டு நடை தாண்டி நான் உள்ள வந்தது அன்னைக்குத்தான்."

அப்பாவுக்குத் தெரியாத கதை அது. முகம் மலர்ந்துவிட்டது. "இதை எனக்கு யாருமே சொல்லலியே!" என்று இரண்டு தடவை சொன்னார். பிறகு கிணற்றைக் காட்டினார், கொல்லையைக் காட்டினார், எந்த ஓடு மழையில் ஒழுகும் என்பதையும் மறக்காமல் காட்டினார். வந்தவர் சிரித்துக்கொண்டே, "அதை மாத்திக்கலாங்க" என்றார். அந்தப் பதிலைக் கேட்டதும் நான் மேற்கு அறைக்கு ஓடி ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டேன். இவர் வாங்கிவிடுவார்.

பட்டா நகலை எடுத்து வர அப்பா உள்ளே போனார். வீடு பார்க்க வந்தவர் மேற்கு அறைக்கு வந்து, ஜன்னலோரம் இருந்த என்னைப் பார்த்து, "உனக்கு இந்த வீடு புடிச்சிருக்கா பாப்பா?" என்று கேட்டார்.

நான் எழுந்து நின்றேன். "இந்த வீட்டை நீங்க வாங்காதீங்க" என்றேன். "உத்திரமெல்லாம் கரையான்."

கரையான் என்ற சொல்லுக்கு இருந்த சக்தி எனக்குத் தெரியும். முன்பு ஒரு வீட்டில் அப்பாவே அதைச் சொல்லி ஒரு வியாபாரத்தைக் கெடுத்துக்கொண்டிருந்தார்.

அவர் உத்திரத்தை அண்ணாந்து பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தார். அப்பா காகிதத்தோடு வந்தபோது அதைக் கையில் வாங்காமல், "சொல்லி அனுப்புறேங்க" என்று கும்பிட்டுவிட்டுப் போனார். வெளியே போய்ச் செருப்பைப் போட்டுக்கொள்ள அவருக்கு வெகுநேரம் ஆனது மாதிரி இருந்தது.

இரண்டாம் நாள் டீக்கடைக்காரர் மூலம் தகவல் வந்தது. வேண்டாமாம். வீட்டில் கரையான் என்று கேள்விப்பட்டாராம். அப்பா திகைத்துப்போனார். உடனே ஏணியைச் சாத்தி ஏறினார். மூன்று அறை, கூடம், நடை என்று ஒவ்வொரு உத்திரத்தையும் சுத்தியலின் காம்பால் தட்டித் தட்டிக் காதை வைத்துக் கேட்டார். அதற்கே இரண்டு நாள் ஆயிற்று; பள்ளி விட்டு வந்து ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றது நான். மேலிருந்து மரத்தூசு என் தலையில் உதிர்ந்தது. "கணீர்னு இருக்கு பாரும்மா. யாரு கிளப்பி விட்டது இதை?" என்று மேலேயிருந்து கேட்டார். நான் ஏணியை இன்னும் இறுக்கிப் பிடித்தேன்.

மறுநாள் பள்ளிக்கு விடுமுறை. அப்பா மொபெட்டை எடுத்துக்கொண்டு, "வா, அவரு வீட்டுக்குப் போயிட்டு வரலாம்" என்றார். ஏன் என்னைக் கூட்டிப்போனார் என்று தெரியவில்லை. அவருக்குச் சும்மா யாரையாவது பின்னால் ஏற்றிக்கொண்டு போகும் பழக்கம் உண்டு.

அக்கரைத் தெருவுக்குள் நான் அதற்கு முன் போனதே இல்லை. அவர் மனைவி எனக்குப் பச்சைத் தாள் சுற்றிய சாக்லேட் கொடுத்தார். அதை வாயில் போட்டுக்கொண்டு, அப்பாவின் நாற்காலிக்குப் பின்னால் நின்றேன்.

"ஒரு உத்திரம் விடாமப் பாத்துட்டேங்க. கரையான் கிடையாது. நீங்களே ஆளக் கூட்டியாந்து பாருங்க" என்றார் அப்பா.

அவர் மெதுவாகச் சொன்னார். "கரையான் இருக்கும்னு நான் நினைக்கலைங்க. 'நீங்க வாங்காதீங்க'ன்னு உங்க பொண்ணு சொன்னுச்சு. அது சின்னப் புள்ள, அதுக்கு என்ன தெரியும்? வீட்டுல பெரியவங்க பேசாம அது வாயில வருமா? எங்களுக்குக் குடுக்க மனசில்லன்னா நேராவே சொல்லியிருக்கலாங்க. நான் ஒண்ணும் நினைச்சுக்கமாட்டேன்."

அப்பா என் பக்கம் திரும்பினார். "நீ சொன்னியாம்மா?"

கூடத்தில் ஒரு ஃபேன் சத்தம் போட்டுச் சுற்றிக்கொண்டிருந்தது. சாக்லேட் கரைந்து தொண்டையில் இறங்கியது.

"இல்லப்பா. நான் ஒண்ணுமே சொல்லல."

அவர் மனைவி சட்டென்று என்னைப் பார்த்தார். வீட்டுக்காரர் லேசாகச் சிரித்தார். "சரி, விடுங்க. புள்ளையக் கேக்காதீங்க."

அப்பா எழுந்தார். "என் தப்புங்க" என்று மட்டும் சொல்லிக் கைகூப்பினார். அதை அவர் எப்படி எடுத்துக்கொண்டாரோ. தலையை ஆட்டினார், அவ்வளவுதான்.

திரும்பும்போது ரயில்வே கேட் மூடியிருந்தது. எப்போதும் கேட்டில் நின்றால் பக்கத்து லாரிக்காரரோடாவது பேச்சுக் கொடுப்பவர், வண்டியின் ஹேண்டிலைப் பிடித்தபடி அசையாமல் நின்றார். ரயில் போனது. பின்னாலிருந்தவர்கள் ஹாரன் அடித்த பிறகுதான் நகர்ந்தார். என்னிடம் எதுவும் கேட்கவில்லை. அப்பா என்னை நம்பிவிட்டார் என்று எனக்குள் குதூகலமாக இருந்தது.

இரண்டு மாதத்தில் டீச்சரின் மகனே நேரில் வந்து, பழைய மரம் வாங்குகிற ஒருவருக்கு வீட்டை முடித்துவிட்டுப் போனான். ஓட்டை இறக்க ஆட்கள் வந்த அன்று நாங்கள் எட்டாவது வீட்டுக்கு மூட்டையோடு கிளம்பினோம். அப்பா பின்னால் திரும்பிப் பார்க்கவில்லை. அம்மாதான் என் துணிப்பையை ஜன்னலிலிருந்து எடுத்து வந்தாள். வாங்க வந்தவர் அக்கரையிலேயே இருந்த தன் வீட்டை இடித்துக் கட்டிக்கொண்டார் என்று கேள்விப்பட்டோம்.

அடுத்த வருடம் பொங்கலுக்கு முன் கடைத்தெருவில் அவரைப் பார்த்தோம். கரும்பு வாங்கிக்கொண்டிருந்தார். அப்பா என் கையை விட்டுவிட்டு, கூட்டத்தில் புகுந்து, அவர் எதிரில் போய் நின்று கும்பிட்டார். அவர் பதிலுக்குக் கும்பிட்டார், மரியாதையாகத்தான். ஆனால் நிற்கவில்லை. கரும்புக் கட்டைத் தோளில் வைத்துக்கொண்டு போய்விட்டார். போகிற வழியில் என் தலையைத் தொட்டு, "நல்லா படிக்கிறியா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

"ஏம்ப்பா, அவரு உங்ககிட்ட மட்டும் பேசாமப் போறாரு?" என்றேன்.

அப்பா அந்தக் கூட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "அவருக்கு என் மேலதாம்மா வருத்தம்" என்றார். "உன் மேல ஒண்ணுமில்ல."

எனக்கு அப்பாடா என்றிருந்தது. எனக்கும் ஒரு கரும்பு வாங்கித் தரச் சொல்லி அவர் கையைப் பிடித்து இழுத்தேன்.