வடிவுக்கு ஒரு பீலி

இலங்கை மலையகத்தில், கந்தப்பளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் மருந்தாபீசில் நான் தாதியாக இருந்தேன். 1958 மழைக்காலத்தில் வடிவு உடம்பெல்லாம் சொறியோடு வந்தாள். பெற்றவர்கள் வைத்த பெயர் சண்முகம். தாயும் இறந்த பிறகு சேலை கட்டிக்கொண்டு, தன் பெயர் வடிவு என்றாள். வேலை மட்டும் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டும் ஆண்களோடுதான். கத்தி பிடிப்பதில் அவளைக் குறை சொல்ல முடியாது.

விரலிடுக்கு, அக்குள், இடுப்பு எல்லாம் புண்.

"நல்லா சவுக்காரம் போட்டுக் குளிச்சிட்டு இந்தக் களிம்பைப் பூசு. தெனமும்" என்றேன்.

"எங்க போய்க் குளிக்கிறது நர்சம்மா?"

மலைத்தண்ணீர் விழும் பீலிகள் தோட்டத்தில் இரண்டு. ஆண்களுக்கு ஒன்று, பெண்களுக்கு ஒன்று. ஆண்கள் பீலியில் அவள் சேலையை உருவிச் சிரித்தார்களாம். பெண்கள் பீலிக்குப் போகத் துணிவில்லை. குளித்து எத்தனையோ நாளாகியிருந்தது.

மருந்தாபீஸ் தொட்டியில் ஒருமுறை நானே குளிப்பாட்டிவிடலாம். தினமும் முடியாது. பறித்த கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டுப் பெண்கள் திரும்பும் நேரம் பார்த்து, அவளை அவர்கள் பீலிக்கே கூட்டிப்போனேன்.

வரிசையின் முன்னால் வாளியோடு காளியாயி நின்றாள். தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் அவள் வாய்க்குப் பயப்படாதவர் இல்லை.

"என்னாங்க நர்சம்மா, ஆம்பளைய இங்க கூட்டியாறீங்க?"

"சொறிக்கு மருந்து போடணும். குளிக்கட்டும்."

"அந்தப் பீலிக்குப் போகச் சொல்லுங்க."

"அங்க சேலைய உருவுறானுங்க. ஒங்க மகள அங்க அனுப்புவீங்களா?"

காளியாயி வழி விடவில்லை. வடிவு பாறைக்குப் பின்னால் போய், மார்புக்கு மேல் குறுக்குக்கட்டுக் கட்டிக்கொண்டு வந்தாள். துணி ஒருபக்கம் தொங்கியது.

காளியாயி அந்தக் கட்டைப் பார்த்தாள். பொறுக்கவில்லை.

"அடியேய், இது என்னா கட்டு? தண்ணி பட்டா அவுந்து காலடியில கெடக்கும். கையத் தூக்கு."

"தொடாதீங்கக்கா, சொறி ஒட்டிக்கும்."

"ஒட்டுனா நர்சம்மா களிம்பு குடுப்பாங்க. தூக்குடி."

துணியை இறுக்கிச் சுற்றி, நுனியை உள்ளே செருகிவிட்டாள். பின்னாலிருந்து யாரோ சிரித்தார்கள். காளியாயி திரும்பிப் பார்த்ததும் சிரிப்பு நின்றது.

தண்ணீர் தலையில் விழுந்ததும் வடிவு 'ஆ'வென்று கத்தினாள். அப்புறம் வெளியே வரவேயில்லை.

"போதும்டி, எங்களுக்கும் தண்ணி வேணும்" என்று காளியாயி வாளியைத் தட்டினாள்.

மறுவாரம் வடிவு களிம்பு வாங்க வந்தபோது புண் காய்ந்திருந்தது. முகம்தான் கோபத்தில் சிவந்திருந்தது.

"காளியாயி அக்கா இன்னைக்கும் எனக்கு முந்திப் பூந்துட்டாங்க நர்சம்மா. மொதல்ல வாளி வச்சது நானு. நீங்க வந்து கேளுங்க."

"அத நீயே கேளு" என்று களிம்பைக் கொடுத்து அனுப்பினேன்.