பவுண்டரித் தெருவில் காற்றை அளந்தபோது

தொண்ணூறுகளில் கோவைக்குப் பக்கத்தில் ஒரு நகராட்சியில் சானிட்டரி இன்ஸ்பெக்டராக இருந்தேன். சொந்த ஊர் தாராபுரம். இரும்பை உருக்கி வார்க்கும் பவுண்டரிகள் இருந்த தெருவிலேயே ஓர் அறை எடுத்துத் தனியாகத் தங்கியிருந்தேன். பக்கத்து வீட்டுப் பழனிசாமி பவுண்டரியில் உலை வேலை பார்த்தார். சாயங்காலம் பேக்கரியில் அவரோடு டீ குடிப்பது ஒன்றுதான் எனக்கு அந்த ஊரில் பேச்சுத்துணை.

ஒருநாள் அவரே சொன்னார்: "ஏனுங்க சார், எங்க பாப்பா மூச்சு உட முடியாமக் கெடக்குதுங்க. இந்தப் பொகைய நீங்களாச்சும் கேளுங்க."

கமிஷனரிடம் எழுதிக் கொடுத்தேன். மாசுக் கட்டுப்பாட்டு அலுவலகத்திலிருந்து சாம்ப்ளர் மெஷின் வாங்கிப் பள்ளிக்கூட மொட்டைமாடியில் வைத்தோம். காற்றை உறிஞ்சித் தூசியை ஃபில்டர் பேப்பரில் பிடிக்கும் மெஷின் அது. வெள்ளையாக வைத்த பேப்பர் கரியாக வந்தது. ரீடிங் அனுமதித்த அளவுக்கு மேல். புகையைக் குறைக்க ஏற்பாடு செய்யும்வரை உலையை நிறுத்தச் சொல்லி, பள்ளிக்கூடத்தை ஒட்டி இருந்த, பழனிசாமி வேலை பார்த்த பவுண்டரிக்கு நோட்டீஸ் போனது.

முதலாளி என்னிடம் கோபப்படவில்லை. "நிறுத்திப்போடறனுங்க. ஆளுகளுக்கு மட்டும் நீங்களே சொல்லிப்போடுங்க" என்றார்.

பவுண்டரி கேட்டுக்குள் நின்று நானே சொன்னேன். பழனிசாமி முன்னால் வந்து கேட்டார்: "பொகையத்தானுங்க கொறைக்கச் சொன்னேன். ஒலைய நிறுத்தச் சொன்னனுங்களா?"

அவர் உடுமலைப்பேட்டையில் தேங்காய் மண்டிக்கு மூட்டை தூக்கப் போனார். பேக்கரியில் நான் உட்கார்ந்தால் பெஞ்சில் இருந்தவர்கள் எழுந்து போனார்கள். அறையில் ரேடியோ வைத்திருந்தேன். அதைப் போடக்கூட மனம் வரவில்லை.

லீவு நாட்களில் முதலாளியைக் கூட்டிக்கொண்டு அலைந்தேன். புகையைத் தண்ணீரில் கழுவி வெளியே விடும் ஸ்கிரப்பர் ஒரு பவுண்டரியில் ஓடுவதைக் காட்டினேன். அவரும் போட்டார். உலை மறுபடி எரிந்தது. மெஷினை மறுபடி வைத்தோம். ரீடிங் அளவுக்குள் இருந்தது.

பழனிசாமி வேலைக்குத் திரும்பியிருந்தார். ஒருநாள் பேக்கரி வாசலில் நின்றபடியே சொன்னார்: "பாப்பா இப்பத் தூங்குதுங்க."

"உக்காருங்களேன்" என்றேன்.

"இல்லீங்க சார், வாரேன்" என்று போய்விட்டார்.

இந்த இன்ஸ்பெக்டர் வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். மெஷினை மாடியில் ஏற்றுமுன் அங்கே கூலிக்கு நிற்பவர்களிடம் போய்ப் பேசுங்கள். ரீடிங் கூடினால் வேலை நிற்கலாம், அந்த நாட்களுக்கு என்ன வழி என்று முதலாளியையும் வைத்துக்கொண்டே கேளுங்கள். அடுத்த ஊரில் நான் அப்படித்தான் செய்தேன். அங்கே யாரும் என்னைக் கண்டு எழுந்து போகவில்லை. பக்கத்தில் வந்து உட்காரவும் இல்லை.